பழைய செல்போனே வழிகாட்டும்

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வேனில் உதகைக்குப் புறப்படுவோர், வழிகாட்டும் கருவிக்கென்று பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனே போதும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞைக்குக் கட்டணம் கிடையாது. இணைய இணைப்பும் தேவையில்லை. வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், காட்டில் டவர் கிடைக்காத இடத்திலும் வழி தெரியும்.

ஆனால், சாதாரண வரைபடம் வேனின் நீளத்தையும் பாரத்தையும் கணக்கில் கொள்ளாது. மசினகுடி வழியாகச் சென்றால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மலைப்பாதை. பந்திப்பூரிலோ 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. குழந்தைகளோடு சோதனைச்சாவடியில் விடியும்வரை காத்துக் கிடப்பதைவிட, புறப்படுமுன் வழியை விசாரித்துக்கொள்வதே விவேகம். அதற்கும் செலவில்லை.