அடித்தளத்துக்கு முன் கேட்கவேண்டிய குரல்

ஒருவர் தமக்குரிய மனையில் வீடெடுக்கவோ வணிக வளாகம் எழுப்பவோ முற்படும்போது, அவருடைய உடைமை எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. அங்கு எழும் கட்டடத்தின் நிழலும், அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரும், அதன் வாயிலில் வந்து நிற்கும் ஊர்திகளும், அது உறிஞ்சும் நிலத்தடி நீரும் அந்தக் கல்லை மதிப்பதில்லை. உடைமை ஒருவருக்கு, விளைவு பலருக்கு என்னும் நிலையே, கட்டுவதற்கு முன் அரசின் இசைவைப் பெறவேண்டும் என்ற விதியின் வேர். ஆகவே, இசைவு வழங்குமுன் அண்டையாரின் மறுப்புக்குச் செவிசாய்ப்பதை அலுவலரின் பெருந்தன்மை என்று எவரும் போற்றவேண்டியதில்லை. அது அவருடைய கடமை.

இக்கடமையை நம்மில் எவரும் விரும்பி ஏற்பதாகத் தெரியவில்லை. கட்ட விழைபவருக்கு மறுப்பு மனு என்பது பொறாமை. இன்னும் கடுமையாகச் சொன்னால், பணம் பறிக்கும் சூழ்ச்சி. அலுவலருக்கு அது கோப்பின் பருமனைக் கூட்டும் இன்னொரு தாள். மறுப்பவரோ, சுவர் ஆளுயரம் எழும்வரை வாளாவிருந்துவிட்டு, சாளரம் இருண்ட நாளில் வழக்குரைஞரைத் தேடி ஓடுகிறார். மூவரும் பிழை செய்கின்றனர் எனினும், மூவரின் பிழையும் ஒரே எடையுடையதன்று.

மறுப்புகள் யாவும் மதிக்கத்தக்கவை என்று நாம் வாதிட முன்வரவில்லை. மாடியிலிருந்து தெரிந்த தோப்பு இனித் தெரியாது என்பது வருத்தம். அதனை உரிமை என்று கொள்வதற்கில்லை. இன்ன சாதியார் குடிவருவர், இன்ன மதத்தார் வழிபடுவர் என்னும் அச்சத்தை, ஊர்தி நெரிசல் என்றும் ஒலி மாசு என்றும் நாகரிகச் சொற்களால் போர்த்தி எழுதப்படும் மனுக்கள் நம் ஊர்களில் இல்லாமற் போகவில்லை. அவற்றை அடையாளங்கண்டு ஒதுக்கும் நெஞ்சுரம் அலுவலருக்கு வேண்டும். மாறாக, விதி வகுத்த பக்கவாட்டு இடைவெளி விடப்படவில்லை, மழைநீர் ஓடும் வாய்க்கால் மறிக்கப்படுகிறது, தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை என்பன போன்றவை எவர் வாயிலிருந்து வரினும், எத்தகைய பகையின் விளைவாக வரினும், ஆராயப்பட்டே தீரவேண்டியவை. ஒரு சந்தின் அகலத்தை நாடா பிடித்து அளந்து, நாளும் இடமும் குறித்து எழுதிய இரண்டு வரி, நாற்பது பேர் கையொப்பமிட்ட வசைமடலைவிடக் கனமானது.

கட்டுபவரும் தம் நலன் கருதியேனும் மறுப்பை முன்கூட்டியே வரவழைத்துக்கொள்வது நன்று. விண்ணப்பம் அளிக்குமுன் வரைபடத்தை அண்டை வீட்டுத் திண்ணையில் விரித்துக் காட்டுபவர் எத்தனை பேர்? கழிவுநீர்த் தொட்டி தம் கிணற்றுக்கு நேர் எதிரே அமைகிறதென்று அந்த வீட்டுப் பெரியவர் விரல் வைத்துச் சொன்னால், அந்நிலையில் ஒரு கோட்டை அழித்து வேறிடத்தில் வரைந்தால் முடிந்தது. குழி தோண்டிக் கற்காரை இட்ட பிறகு அதே குறையைக் களைய இரு குடும்பங்களின் சேமிப்பும் பத்தாண்டுப் பேச்சுவார்த்தையும் கரைந்துபோகும்.

இவ்விடயத்தில் முன்மாதிரி தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. உடுப்பி நகரில் திருமண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்ட இசைவு பெற்ற ஒருவர், பின்னர் அதனைத் திரையரங்காக மாற்றிக்கொள்ள வேண்டினார். குடியிருப்புப் பகுதியில் அதற்கு இடமில்லை என்று நகரமைப்புத் திட்டம் சொல்லியிருந்தும் நகராட்சி இணங்கிற்று. அப்பகுதியில் வாழ்ந்த ஒருவர் எதிர்த்து நின்றார். இசைவு திட்டத்துக்கு முரணானதே என்று கண்ட உயர் நீதிமன்றம், கட்டுபவர் பெரும்பொருள் செலவிட்டிருப்பாரே என்பதற்காகத் தலையிடத் தயங்கியது. 1974 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தயக்கத்தை ஏற்கவில்லை. செலவழித்த பணம் சட்டமீறலைச் சட்டமாக்காது என்றும், திட்டத்தைக் காப்பது நகராட்சி அங்குக் குடியிருப்போர்க்குப் பட்ட கடன் என்றும் அது தெளிவுபடுத்தியது. ஐம்பதாண்டு கழித்து, 2024 டிசம்பரில், உத்தரப்பிரதேச வழக்கொன்றில் அதே நீதிமன்றம் ஏறக்குறைய அதே கருத்தை மீண்டும் உரைக்க நேர்ந்தது என்பதே நாம் எவ்வளவு கற்றோம் என்பதற்குச் சான்று.

தமிழ்நாட்டின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த வழிவகுக்கப்பட்டது. ஒரே ஒருமுறை மட்டும் என்று சொல்லப்பட்ட அச்சலுகை 2000-இலும் 2001-இலும் 2002-இலும் நீட்டிக்கப்பட்டது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்நீட்டிப்புகளைச் செல்லாதவை ஆக்கியது. ஆறாண்டுகளில் 113-இ என்னும் புதுப் பிரிவு பிறந்து, 2007 ஜூலை முதல் நாள்வரை எழுந்த கட்டடங்களுக்கு மீண்டும் வாயில் திறந்தது. மறுப்பெழுதிய அண்டையாருக்கு அரசு இவ்வாறு கற்பித்த பாடம் ஒன்றுதான்: நீ சொன்னது உண்மை, ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையும் உனக்கு வந்து சேராது.

முறையான இசைவு பெற்றிருந்த பதினொரு மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் சரிந்து 61 உயிர்களைக் கொண்டுபோனதை நினைவில் வைத்திருக்கும் எந்த அலுவலரும், கூடுதலாக ஓர் இணைக் கண் தம் கோப்பைப் பார்ப்பதை வெறுக்கமாட்டார்.

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுமக்களின் மறுப்பைக் கேட்கும் முறை நம்மிடம் உண்டு. புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் நெருங்கி நிற்கும் அந்தப் பொடி எழுத்தைக் கண்டு, இது நம் தெருமுனை மனை அன்றோ என்று உணர வல்லவர் ஊருக்கு எத்தனை பேர்? அவ்வறிவிப்புகளைக் கட்டணம் பெற்று அச்சிடும் நாளிதழ்கள், இவ்விதழ் உட்பட, இக்குறையில் தமக்குப் பங்கில்லை என்று கைகழுவ இயலாது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தற்சான்றின் பேரில் இணையவழி உடனடி இசைவு பெறுகின்றனர். சிறு வீடு கட்டும் எளிய குடும்பத்தை அலுவலகப் படிக்கட்டுகளிலிருந்து விடுவித்த இம்முறையை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், விண்ணப்பமும் இசைவும் ஒரே நாளில் முடியும் ஏற்பாட்டில் அண்டையார் பேசுவதற்கு ஒரு நொடி எங்கே உள்ளது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. வரைபடம் எவரும் காணத்தக்க வகையில் இணையத்தில் வைக்கப்படட்டும். மனையின் முகப்பில், சாலையில் நின்று படிக்கத்தக்க எழுத்தில், தளங்களின் எண்ணிக்கையும் விடவேண்டிய இடைவெளியும் பலகையில் நிற்கட்டும். அடித்தளம் தோண்டுமுன் குறித்த நாள்களுக்குள் வரும் மறுப்பு ஒவ்வொன்றுக்கும், ஏற்பு அல்லது தள்ளுபடி, காரணத்தோடு எழுத்தில் விடை போகட்டும். தள்ளுபடியேயாயினும் காரணம் தெரிந்தவர் அமைதி கொள்வார். விடையே பெறாதவர்தான் நீதிமன்றப் படியேறுகிறார்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் திருத்தும் அரசாணை ஒன்று போதும்.