கூண்டு ஏறியது, செய்தி சேர்ந்ததா?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் மறுநாள் நாளேட்டில் ஒரு வரி தவறாது: நாகை, கடலூர், பாம்பன் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. 11 எண்கள் கொண்ட இந்தக் குறியீடு கப்பல்களுக்காக ஏற்பட்டது. மாலுமிக்கு அதன் பொருள் தெரியும். துறைமுகத்தை ஒட்டிய குப்பத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கோ, 3-ம் எண் ஏறினால் வீட்டில் இருப்பதா, கிளம்புவதா என்பது தெரியாது. அதைச் சொல்லும் பொறுப்பு பேரிடர் மேலாண்மைத் துறையினருடையது.

வங்கதேசத்திலும் துறைமுக எண்கள்தான். ஆனால் 1970 புயலில் சுமார் 3 லட்சம் பேர் மாண்டபின், அரசும் செஞ்சிலுவை இயக்கமும் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம் அந்த எண்ணைத் தெருவுக்கே கொண்டுபோனது. ஊர்த் தொண்டர் கொடி ஏற்றுவார். அபாயம் கூடக் கூடக் கொடிகளும் கூடும். மூன்று கொடி பறந்தால் புயல் காப்பகத்துக்குப் போயாக வேண்டும். தொண்டர்கள் கையில் மெகாபோனோடு வீடு வீடாகவும் போவார்கள். அப்படியும் 1991-ல் 1.38 லட்சம் பேர் இறந்தார்கள். காப்பகங்கள் போதவில்லை. பெண்களின் சாவு ஆண்களைவிடப் பல மடங்கு; தனியிடம் இல்லாத காப்பகத்துக்குப் போகத் தயங்கியவர்களும், கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. இன்று அங்கே சுமார் 76,000 தொண்டர்கள். பாதிப் பேர் பெண்கள். பெண் வந்து அழைத்தால் பெண்கள் கிளம்புகிறார்கள் என்ற பாடத்துக்கு அந்த நாடு கொடுத்த விலை மிகப் பெரியது.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமத்தின் அனுபவம் பேரிடர் மேலாண்மைத் துறையினர் பலருக்குத் தெரிந்ததே. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்கு போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை ஊரார் உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாக மட்டும் எழுதுவது அரைகுறைக் கணக்கு. அந்த ஒலிபெருக்கி பேரிடருக்கென்று பூட்டி வைத்த கருவி அல்ல. ஊர்ச் செய்தி சொல்லிப் பழகிய கருவி. அதனால் அதன் குரலை மக்கள் நம்பினார்கள்.

ஒக்கி புயலின் அனுபவம் இதற்கு நேர்மாறு. 2017 நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலம். 30 காலை புயல். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பு கரையில் நின்றவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளோ பல நாள் தங்கி மீன்பிடிக்க ஏற்கெனவே போய்விட்டவை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக 300-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 2019-ல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே செய்தியைப் படகில் இருக்கும் கைபேசிக்குச் சேர்க்கிறது. ஆனால் அதில் படகிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. இருவழிக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-ல்தான் தொடங்கியது. கடலில் எத்தனை படகுகள், எந்தத் திசையில் என்பதை ஒவ்வொரு மீன்பிடி துறைமுகமும் அன்றன்றைக்கே பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். இதற்கு செயற்கைக்கோள் தேவையில்லை.

மாவட்ட அளவில் செய்யக்கூடியது ஒன்றை இந்த இதழ் வற்புறுத்துகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரவு இரண்டு மணிக்கு ஒரு முறை ஒத்திகை நடத்துங்கள். மைக் செட்டின் பேட்டரி எத்தனை நேரம் தாங்குகிறது, பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம், கழிவறையில் தண்ணீர் வருகிறதா, காது கேளாத முதியவரை எழுப்பப்போவது யார் என்று முதல்நிலை மீட்பாளர்களோடு சேர்ந்து பாருங்கள். சத்தம் எட்டாத தெருக்களின் பெயர்களை எழுதி, தெருவுக்கு ஒரு பெண்ணிடமாவது எச்சரிக்கையைச் சேர்க்கும் பொறுப்பைச் செப்டம்பர் முடிவதற்குள் ஒப்படையுங்கள்.