தகவலாளி எண் 14

எங்க ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனாலும் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவள் இருக்கிறாள். பின்னிணைப்பில், தகவலாளிகள் பட்டியலில், எண் 14. வயது 65. கல்வி இல்லை. தொழில் கூலி. சாதியைத் தவறாமல் போட்டிருக்கிறார்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் 'மூதாட்டி' என்று இருக்கிறது.

1998-இல் விழுப்புரம் பக்கத்து எங்கள் காலனிக்கு ஒருவர் டேப்ரிக்கார்டரோடு வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயசு. வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தோம். ஆயா மூணு நாள் நடவுக்குப் போகாமல் பாடினாள். வெத்தலை பாக்கு வாங்கிக் கொடுத்தார், நல்ல மனுசன்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூணாம் நாள் ஆயா, தாத்தா செத்தபோது மாரடித்த பாட்டைப் பாடினாள். தாத்தா ஆண்டை வீட்டுப் பண்ணையாள். ஐப்பசி மாசத்து ராத்திரி, அடைமழை. கழனியில் அண்டை உடைந்து தண்ணி போகிறது என்று எழுப்பிக்கொண்டு போனார்கள். மண்வெட்டியோடு போனவரை அண்டையிலேயே பாம்பு கடித்தது. வண்டி கட்டச் சொல்லிக் கேட்டதுக்கு ஆண்டை வீட்டில், விடியட்டும் என்றார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. என் நைனா அப்போ கைக்குழந்தை.

அந்தச் சாவுக்குப் போலீசு கேசு இல்லை, நட்ட ஈடு இல்லை, சர்க்கார் கடுதாசி ஒன்றும் இல்லை. ஆயாவின் மாரடிப்புதான் சாட்சி. யார் எழுப்பினது, எந்தக் கழனி, எந்த அண்டை, யார் வண்டி தர மாட்டேன் என்றது, எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது.

2011-இல் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது நூலகத்தில் அந்த ஆய்வேட்டை எடுத்தேன். ஆயா செத்து நாலு வருசம் ஆகியிருந்தது. பாட்டைப் படிக்கப் படிக்க அவ குரலே காதில் கேட்டது. அப்புறம்தான் கீழே இருந்த அடிக்குறிப்பைப் பார்த்தேன். 'அண்டை: அண்டை வீடு.'

வடமாவட்டத்தில் கழனியில் காலை வைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அண்டை என்றால் வரப்பு. அண்டை கழிக்கிறது, அண்டை போடுறது என்பதெல்லாம் எங்கள் அன்றாடப் பேச்சு. ஆய்வாளருக்கு அது தெரியவில்லை. தெரியாதது குற்றம் இல்லை. கேட்கவில்லை, அதுதான் குற்றம். அந்த அடிக்குறிப்பை நம்பி மேலே ஒரு பத்தியும் எழுதிவிட்டார். கணவன் அண்டை வீட்டில் இறந்த துயரை மனைவி பாடுகிறாளாம். இதனால் நாட்டுப்புற மக்களிடையே அக்கம்பக்கத்து உறவு நெருக்கமாக இருந்தமை புலனாகிறதாம்.

புலனாகிறது! ஆண்டையின் கழனியில் சாக விடப்பட்ட ஒரு பண்ணையாள், பக்கத்து வீட்டுத் திண்ணையில் காலமான குடியானவனாக ஆகிவிட்டான். ஒரே ஒரு அடிக்குறிப்பு, கொலைக்குச் சமமான ஒரு சாவை அயலாரின் பாசமாக மாற்றிவிட்டது.

ஆய்வேடு நூலாகவும் வந்தது. அந்த நூலைச் சுட்டி ஒருவர் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையைச் சுட்டி இன்னொருவர், தமிழரின் அண்டை அயல் உறவு பற்றி எழுதினார். ஒவ்வொரு மேற்கோளும் முறைப்படி இருக்கிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண், எதிலும் குறை சொல்ல முடியாது. பொய்க்கு மூன்று ஆதாரம் சேர்ந்துவிட்டது. உண்மைக்கு ஒன்றும் இல்லை.

என் நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, உங்க ஆயா சொன்னதுன்னு நீ சொல்ற. அவரு அச்சுல போட்டிருக்காரு. இதுல எதும்மா ஆதாரம்?"

"ஆயா பாடித்தானே சார் அவரு போட்டாரு?"

"அப்ப அவரு நூலை மேற்கோள் காட்டு. முடிஞ்சிதில்ல?"

முடிஞ்சிது. என் ஆயாவின் பாட்டை, என் தாத்தாவின் சாவை, நான் அவர் பெயரில்தான் சொல்ல வேண்டும்.

மேற்கோள் எதற்காக? படித்தவர்களைக் கேட்டால் நேர்மை, மரியாதை என்பார்கள். இருக்கட்டும். அதற்கும் முந்திய வேலை ஒன்று அதற்கு உண்டு. மேற்கோள் என்பது திரும்பிப் போகிற வழி. நீ சொல்வதை நான் நம்ப வேண்டியதில்லை. நீ போன வழியிலேயே நானும் போய்ப் பார்த்துக்கொள்வேன். 'தகவலாளி எண் 14, மூதாட்டி' என்று எழுதினால் யார், எங்கே போய்க் கேட்பது? ஆயா 2007 வரைக்கும் உயிரோடு இருந்தாள். கட்டுரை எழுதினவரும் அவருக்குப் பின்னால் எழுதினவரும் அந்த வாசலுக்கு வந்து, "அண்டைன்னா இன்னாம்மா?" என்று கேட்டிருக்கலாம். வழி அடைபட்டிருந்தது.

தமிழுக்கு இது புதுசா? தொல்காப்பியரே 'என்ப', 'என்மனார் புலவர்' என்று வரிக்கு வரி முன்னோருக்குக் கடன் சொன்னவர். ஆனால் அந்தப் புலவர் யார், பெயர் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஏடு எந்த ஊரில் யாரிடம் கிடைத்தது என்று முகவுரையில் வரிசைப்படுத்தினார். நல்ல வழக்கம். ஏடு வைத்திருந்தவர்களுக்கு அங்கே பெயர் இருந்தது. ஏடே வைத்திருக்க விடப்படாதவர்களுக்கு? நா.வானமாமலை 1964-இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' நூலில் பாடல்களின் கீழே உதவியவர், சேகரித்தவர், இடம் என்று போட்டிருக்கிறது. வட்டார வழக்குக்கு விளக்கமும் இருக்கிறது. அந்த அளவுக்காவது திரும்பிப் போக வழி வைத்தார்கள். அதற்கு முப்பது வருசத்துக்குப் பிறகு ஆயாவிடம் வந்தவருக்கு இது தெரியாதா?

அயோத்திதாசர் தன் 'தமிழன்' இதழில் ஒரு செய்தி எழுதினார். ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தவர் என்றார். 1907-இல் தொடங்கிய இதழ் அது. குறள் 1812-இல் அச்சான கதையை மேடையில் சொன்னவர்கள் எத்தனை பேர்? கந்தப்பன் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அயோத்திதாசர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், ஆராயுங்கள், மறுக்க வேண்டுமானால் மறுங்கள். மறுப்பதற்கும் முதலில் சுட்ட வேண்டுமே! அவர் 1914-இல் இறந்தார். அவர் எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து தொகுப்பாக வந்தது 1999-இல். நடுவில் 85 வருசம். மறுத்துப் பேசக்கூட ஆள் இல்லாமல் கிடந்த 85 வருசம்.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. வரவேற்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் எதைக் கண்டுபிடிக்கும்? ஏற்கனவே எழுத்தில் ஏறினதிலிருந்து எடுத்தால் கண்டுபிடிக்கும். ஆயாவின் வாயிலிருந்து எடுத்தால்? ஒப்புமை சுழியம்தான் காட்டும். எழுதினவன் சொத்துக்குக் காவல் போட்டாச்சு. பேசினவள் சொத்து இன்னும் புறம்போக்குதான்.

இதுவரைக்கும் அவர்களைத் திட்டியாச்சு. இனி நம் பக்கம் பார்ப்போம். கசக்கும்.

அம்பேத்கர் சொன்னார் என்று நம் மேடைகளிலும் நோட்டீசுகளிலும் என்னென்னவோ வருகிறது. எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று கேட்டால் தோழர்களுக்குக் கோபம் வருகிறது. "அண்ணலையே சந்தேகப்படுறியா?" என்கிறார்கள். மகாராட்டிர அரசு 1979-இலிருந்து தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது, தமிழிலும் வந்திருக்கிறது. எடுத்துப் பார்க்க நமக்குத்தான் சோம்பல்.

அண்ணல் அப்படி இல்லை. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவராகச் சாதி பற்றிக் கட்டுரை படித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று நாலு பேர் சொன்ன வரையறைகளைப் பெயர் சொல்லி எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் எங்கே போதவில்லை என்று காட்டி, அப்புறம்தான் அகமணமே சாதியின் உயிர்நாடி என்ற தன் முடிவுக்கு வந்தார். 1948-இல் வந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவருக்கும் காணிக்கையாக்கினார். நேரடி ஆதாரம் கிடைக்காத இடத்தில் வரலாற்றாசிரியன் ஊகத்தால் இடைவெளியை நிரப்பலாமா என்று அதன் முன்னுரையில் தானே கேள்வி எழுப்பித் தானே வாதாடுகிறார். ஊகத்தை ஆதாரம் என்று ஏமாற்றவில்லை. எதிரி கேட்கப் போவதைத் தானே முதலில் கேட்டுக்கொண்டார்.

நமக்கு அந்தக் கறார் வேண்டும். அவர்கள் பத்துப் பிழை விட்டாலும் பேராசிரியர்தான். நாம் ஒரு பக்க எண்ணைத் தப்பாகப் போட்டால், 'உணர்ச்சிவசப்பட்ட எழுத்து' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

சரி, வாய்மொழிக்கு இந்தக் கறார் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். ஆயாவிடம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சொல்வாள். "இது எங்கம்மா பாடறது." "இத நான் கட்டிக்கினு வந்தப்பறம் இங்கதான் கத்துக்கினேன்." "கடைசி அடி மட்டும் நான் சேத்தது." யாரிடமிருந்து, எங்கே, எது தன்னுடையது. இதை விட என்ன அடிக்குறிப்பு வேண்டும்? அன்று சிவப்பு விளக்கு எரியும்போதுதான் இதையும் சொன்னாள். நூலில் அது இல்லை. பாட்டு மட்டும் போதும் என்று வெட்டிவிட்டார்கள்.

ஆய்வு செய்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். பாடினவர் பெயரைப் பின்னிணைப்பில் தள்ளாதே, பாட்டோடு போடு. ஊர், தேதி போடு. எழுதினதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமே படித்துக் காட்டு. ஒலிப்பதிவில் ஒரு படியை அவர்கள் வீட்டில் கொடு. இன்னொருவர் நூலில் பார்த்ததை மூலத்தில் பார்த்த மாதிரி எழுதாதே. பெயர் போடலாமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

இவ்வளவு பேசுகிற நீ உன் ஆயா பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் ஆண்டை யார் என்று தெரியும். நைனாவும் அம்மாவும் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அந்தக் கழனியும் இன்னும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையை நைனாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"பேரு இப்ப வேணாம்மா. ஆனா அண்டைன்னா வரப்புன்னு மட்டும் போட்டுடு" என்றார்.

போட்டுவிட்டேன்.