சீனியர்தானே, பார்த்துக்கொள்வார்!

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். கட்டடம் எழுப்பலாம், இயந்திரம் வாங்கலாம். தனித்துறைச் செவிலியர்கள் அப்படி வந்துவிட மாட்டார்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்தான் துறை மாற வேண்டும்.

ரிஷிவந்தியம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் பதினெட்டு ஆண்டு பிரசவம் பார்த்த சிஸ்டர், நாற்பத்தைந்து வயதில் டயாலிசிஸ் யூனிட்டுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் கை வைத்தே வலியின் போக்கைச் சொல்லிவிடுவார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு மிஞ்சினால், பிரஷர் இறங்கும் முன்பே நாடியிலும் முகவெளிறலிலும் பிடித்துவிடுவார். அந்தக் கண் இங்கேயும் உதவும். டயாலிசிஸ் நடுவில் நோயாளி கொட்டாவி விட்டு வியர்த்தால், பிரஷர் சரியப்போகிறது என்று அவருக்குச் சட்டெனத் தட்டும். ஆனால் எந்த அலாரத்துக்கு என்ன செய்வது, கையிலுள்ள ஃபிஸ்டுலாவில் ஊசியை எங்கே போடுவது, அந்தக் கையில் ஏன் பிரஷர் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் பிரசவ அறை சொல்லித்தராதவை.

எத்தனை அனுபவம் இருந்தாலும் அறியாத துறையில் செவிலியர் புதியவரே என்று செவிலியத் துறை அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இலேயே எழுதிவிட்டார். நம் டூட்டி பட்டியலுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை. 'சீனியர்தானே' என்று முதல் வாரமே நைட் டூட்டியில் தனியாக விடுகிறோம். அவரோ மகள் வயதுள்ள சிஸ்டரிடம் சந்தேகம் கேட்கக் கூசுகிறார். அந்தக் கூச்சம்தான் ஆபத்து. அதைப் போக்குவது நிர்வாகத்தின் வேலை, அவருடையது அல்ல.

தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் ஓராண்டு டிப்ளமோ வகுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும் வயதில் ஓராண்டு வெளியூரில் தங்கிப் படிக்க எத்தனை பேரால் முடியும்? அதனால் பணியிடத்திலேயே, முன்கூட்டியே கற்றுத்தர வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் மெத்தனால் சாராயச் சாவுகளின்போது நோயாளிகளைச் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பாதிப்பு கடுமையானால் மெத்தனாலை ரத்தத்திலிருந்து நீக்க டயாலிசிஸ் தேவை. அப்படிப்பட்ட இரவில் யாருக்கும் கற்றுக்கொடுக்க நேரமிருக்காது.

கண்காணிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் பற்றாக்குறை நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் துறை மாறி வந்தவரை முதல் மூன்று மாதம் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முடியாவிட்டால் நைட் டூட்டியிலாவது தனியே விடாதீர்கள். அடுத்த மாதப் பட்டியலிலேயே தொடங்கலாம்.