ஃபயர்வாலை நிறுத்தும் முன்

சரக்கு மற்றும் சேவை வரிப் படிவத்தில் மின்னணுக் கையொப்பமிட, கணினியில் ஒரு துணை மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கிறது. பாதியில் அது நின்றுவிட்டால், "விபிஎன், ஃபயர்வால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முயலுங்கள்" என்பதே உதவி மையங்களின் வாடிக்கையான பதில். வங்கிக் கிளைகளில் நாங்களும் அதையே சொல்லியிருக்கிறோம். அது அரைகுறை அறிவுரை என்பதே இன்று எங்கள் கருத்து.

இத்தகைய மென்பொருள், கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் 127.0.0.1 என்னும் முகவரி வழியே பிரவுசருடன் பேசுகிறது. வேறு நிறுவனத்தின் விபிஎன்னோ ஃபயர்வாலோ அதை ஐயுற்றுத் தடுக்கலாம். ஆகவே, தற்காலிகமாக நிறுத்துவதில் தவறில்லை. மீண்டும் இயக்க மறப்பதே ஆபத்து. மறப்பவர் பலர், எங்கள் சக அலுவலர்களும் இதற்கு விலக்கல்லர்.

மென்பொருளை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். இணைய இணைப்பைத் துண்டித்த பின்பு ஃபயர்வாலை நிறுத்துங்கள். மென்பொருளை நிறுவி, ஃபயர்வாலை மறுபடி இயக்கிய பிறகே இணைப்பைக் கொடுங்கள். அப்போதும் கையொப்பம் விழவில்லையெனில், அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதி அளித்தால் போதும். நிறுவும்போதே இணையம் தேவைப்படுமாயின், விண்டோஸின் சொந்த ஃபயர்வால் இயங்குவதை உறுதி செய்துகொண்டு தொடரலாம்.

"நானே செய்து தருகிறேன்" என்று தொலைவிலிருந்து உங்கள் திரையைக் கேட்பவருக்கு இடம் தரலாகாது. எனிடெஸ்க் செயலி வழியான மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும் என்று அதன் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை கூறியது. பணம் போனது தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் தெரிவியுங்கள். கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.