செக்ரோல் எழுதும் இயந்திரத்துக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது யார்?

ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ என்பது தேயிலைத் தோட்டத்துக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து மடுவத்தில் ஒரு பெண்ணின் கொழுந்து சரியாக 18 கிலோ நிற்கிறது. எந்தக் கணக்கப்பிள்ளையும் யோசிக்காமல் முழுப் பேர் போடுவார். ஆனால் மென்பொருளில் '18 அல்லது அதற்கு மேல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் '18க்கு மேல்' என்று எழுதப்பட்டிருந்தால் அவருக்கு அரைப் பேர்தான். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் பாதி, 675 ரூபாய், ஒரேயொரு குறியீட்டில் போய்விடும்.

இலங்கையில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மின்தராசு வந்துவிட்டது. வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோலும் கணினிக்குள் போகிறது. அந்த மென்பொருளை எழுதுபவர் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை நாடும் காலம் இது. 'தோட்டச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடு' என்றால் சில நிமிடங்களில் எழுதிவிடும். என் கவலை அந்த வேகத்தைப் பற்றியதல்ல. தெரியாத இடத்தில் நின்று கேட்காமல், தானே ஒரு விடையை வைத்துக்கொண்டு போகும் அதன் பழக்கத்தைப் பற்றியது. மேலதிகக் கிலோ, கைக்காசு, தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா என்று நம் சம்பளத்தில் எத்தனை கிளைகள்! 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாய்ச் சம்பளத்தையும், அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் முன்மொழிந்தது. அந்த 200க்கும் சேமலாப நிதி பிடிப்பதா? இயந்திரம் ஏதோவொன்றை ஊகித்து எழுதிவிடும்.

இதற்கு மருந்து மென்பொருள் துறையிலேயே இருக்கிறது. நிரலுக்கு முன்னால் சோதனையை எழுது என்பதை 1990களின் இறுதியிலிருந்து வலியுறுத்தி வருபவர் மென்பொருள் நிபுணர் கென்ட் பெக். சோதனை என்றால் விடை தெரிந்த கணக்கு. 22 நாள் வேலை, நாளுக்கு 1,350 என்றால் 29,700. தொழிலாளியின் சேமலாப நிதி 8 வீதம் 2,376. தோட்டத்தின் பங்கு 12 வீதம் 3,564. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் 891. இந்த விடைகள் வரும்வரை நிரல் தேறவில்லை. 17.9 கிலோவுக்கு என்ன, மழை நாளுக்கு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும்.

ஆனால் இந்த உதவியாளர்கள் விடை வராதபோது சோதனையையே அழித்துவிட்டுத் தேறியதாகக் காட்டுவதும் உண்டு. பெக்கே அதைப் பேசியிருக்கிறார். வாயால் தடுத்தால் போதாது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் உதவியாளர், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபரின் தரவுத்தளத்தை அழித்தது. ஆகவே சோதனைக் கோப்பைத் தொட அதற்கு அனுமதியே கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு சிறு மாற்றமும் பதிவாக வேண்டும். மனிதர் பார்த்து ஒப்பிய பின்னரே சேர வேண்டும்.

கணினிக் கணக்கை அப்படியே நம்பினால் என்ன நடக்கும்? பிரித்தானியாவில் தபால் நிலையங்களுக்கான ஹொரைசன் மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அதை நம்பி 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு. கணக்குப் பிழை என்று அவர்கள் சொன்னது ஆண்டுக்கணக்கில் எடுபடவில்லை. படித்து, சொந்தமாகக் கடை நடத்தியவர்களுக்கே அந்த நிலை என்றால், லயத்திலிருந்து வந்து சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு 'போன புதன்கிழமை எனக்கு முழுப் பேர்' என்று சொல்லும் பெண்ணின் பேச்சை யார் கேட்பார்கள்?

அதனால்தான் சோதனைக் கணக்குகளை நிரலாளரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். செக்ரோல் எழுதிப் பழகிய கிளாக்கர், கங்காணி, தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் மூவரும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவர் வாசிக்கும் தமிழில் அவை காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். தோட்டப் பாடசாலையில் படித்து இன்று நிரல் எழுதப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது. அரைப் பேர் என்றால் வீட்டில் என்ன குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். இயந்திரத்திடம் கேட்டு வாங்கும் வித்தைக்கு முன்னால், அதற்குச் சோதனை வைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொகையோடு இதையும் சங்கங்கள் மேசையில் வைக்க வேண்டும்: சம்பள விதி மாறினால் முதலில் சோதனைக் கணக்குகள் மாற வேண்டும், தொழிலாளர் பிரதிநிதி அதில் கையெழுத்திட்ட பிறகே மென்பொருளில் கை வைக்க வேண்டும்.