பேய்க்கும் வாக்கு வாக்குதான்

பேய்க்காதல் குறுநாவல் என்றால் நம் இலக்கியவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு சரக்காம். அதை எழுதுகிறவர்களோ, பழைய மாத நாவலிலிருந்து இன்றைய செல்போன் தொடர்வரை, "விறுவிறுப்பு இருந்தா போதும் சார்" என்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் சேர்ந்துதான் ஒரு நல்ல வடிவத்தைக் கெடுத்தன என்பது என் கட்சி.

பயம் முப்பது பக்கத்தில் தீர்ந்துபோகும். அதற்கு அப்புறமும் வாசகர் பக்கம் புரட்டுகிறார் என்றால் ஒரு பாக்கிக்காகப் புரட்டுகிறார். நியாயமில்லாமல் அறுக்கப்பட்ட ஓர் உறவு, செத்த பிறகும் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு நிற்கிறது. கதை அதைக் கொடுத்தால் வாசகருக்கு மனசு நிறையும். 'எல்லாம் மனப்பிரமை' என்றோ, மாந்திரீகர் வந்து புளியமரத்தில் ஆணியடித்தார் என்றோ முடித்தால், அது கடன்காரன் பின்வாசல் வழியாக ஓடுகிற கதை.

தாமிரபரணிக் கரைக்காரருக்கு இது புதுச் செய்தி இல்லை. கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவருக்கு முத்துப்பட்டனைத் தெரியும். பிராமணப் பிள்ளை, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் குடிச் சகோதரிகள்மேல் காதல் கொள்கிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை லேசில் பெண் கொடுக்கவில்லை. குடுமியை அறு, பூணூலை அறு, செருப்புத் தைக்கப் படி என்கிறான். பட்டன் எல்லாம் செய்கிறான். கல்யாண ராத்திரியே மாடு களவு போகிறது. மீட்கப் போனவன் மறைந்திருந்தவன் குத்தில் சாகிறான். பெண்கள் இருவரும் அவனோடு சிதையேறுகிறார்கள்.

இத்தோடு முடிந்தால் வெறும் சோகக் கதை. முடியவில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். மனைவியர் இருவரும் கூடவே. அவனுக்கு நேர்ச்சை என்ன தெரியுமா? செருப்பு. புதுச் செருப்பைக் கட்டிவிட்டுப் போனால் அடுத்த வருஷம் தேய்ந்து கிடக்கும், சாமி போட்டு நடந்திருக்கு என்பார்கள். காதலுக்காக எந்தத் தொழிலுக்கு இறங்கினான் என்று ஊர் இளப்பம் பேசியிருக்குமோ, அதே தொழிலின் பொருளை ஊர் அவன் சன்னதியில் கொண்டுவந்து வைக்கிறது. பாக்கி தீர்வது என்றால் இதுதான். ஒரு ராத்திரியில் பாடி முடிக்கிற கதை இவ்வளவும் செய்கிறது. அறுநூறு பக்கம் இழுக்க வேண்டியதில்லை.

இதே கதையைக் கெடுத்தவர்களும் உண்டு. சில பாடங்களில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு முடிச்சு வரும். கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை அதைப் பிற்காலச் சேர்க்கை என்று சொன்னார். எதற்குச் சேர்த்தார்கள்? கேட்கிற பெரிய மனுஷருக்கு உறுத்தாமல் இருக்கத்தான். அந்த ஒரு முடிச்சில் பட்டன் அறுத்த பூணூலுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. காதல் எதையும் மீறவில்லை. சொந்த சாதியிலேயே சம்பந்தம் முடிந்திருக்கிறது!

இன்றைய பேய்க்காதல் தொடர்களில் பாதி இந்த முடிச்சைத்தான் போடுகின்றன. ஆவியாக வந்தவள் போன பிறவியில் ஜமீன் மகள். வேலைக்காரப் பெண் என்று நினைத்தவள் கடைசியில் தொலைந்துபோன வாரிசு. என்னவே இது? செத்து ஆவியாக வந்தும் சாதிச் சான்றிதழ் காட்டணுமா?

'அப்படியானால் புதுமைப்பித்தனின் காஞ்சனை எந்தப் பாக்கியைத் தீர்த்தது?' என்று கேட்பீர்கள். தீர்க்கவில்லைதான். ஆனால் தீர்த்துவிட்டதாகப் பாவனையும் செய்யவில்லை. அது காதல் கதை என்று சொல்லிக்கொண்டு வரவுமில்லை. காதல் என்று வாக்குக் கொடுத்து வாசகரை உட்காரவைத்தவருக்குத்தான் நான் சொல்லும் கடமை.

நீலி கதையைப் பாருங்கள். புருஷனால் கொல்லப்பட்டவள் கள்ளியைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஊர்ச்சபையில் நியாயம் கேட்கிறாள். கொன்றவன் மட்டும் சாகவில்லை. அவனுக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீயில் இறங்குகிறார்கள். சபைக்கும் கணக்கு உண்டு என்று தெரிந்தவர்கள் கட்டிய கதை அது.

சாதி மீறிய காதலுக்காக 2025இலும் கொலை விழுந்த மாவட்டம் இது. இங்கே உட்கார்ந்து பேய்க்காதல் எழுதுகிறவர் கையில் விளையாட்டுச் சாமான் இல்லை. கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்; சொல்லட்டும். வெட்டுப்பட்டவன் திரும்பி வந்து, தனக்குச் சேர வேண்டியதை, சேர வேண்டியவள் முன்னால் நின்று கேட்கிற இடம் கதை ஒன்றுதான். அந்த இடத்தில் நிற்க அவனை விடுங்கள். பூசாரியைக் கூப்பிடாதீர்கள்.